ஒருவருக்கு ஒரே வாய்ப்பு

"தலைய ஆட்டாத, மீசை விழுந்துடும்" என்றாள் எடிட்டர்.

நாடகம் அசையாமல் நின்றான். நாடகத் துறையில் படிப்பதால் வளாகத்தில் அவனுக்கு அதுதான் பெயர். ஒட்டு மீசை, தடித்த பிரேம் கண்ணாடி, துறை அலமாரியிலிருந்து சுட்டு வந்த சாம்பல் நிறக் கோட்டு. கோட்டில் அந்துருண்டை நெடி தூக்கியது.

எடிட்டர் படிப்பது மண்ணியல். ஆனால் பல்கலைக்கழகத்தின் செய்தித் திரைகள் அத்தனையும் அவள் கையில் இருந்தன. எங்கே உதவித்தொகை, எங்கே பயிற்சி, எந்த நாட்டில் ஆய்வு மாணவருக்கான ஆய்விடம் என்று ஒவ்வொரு கட்டடத்தின் நடைவழியிலும் ஒரு திரை சொல்லிக்கொண்டே இருக்கும். பல்கலைக்கழக முத்திரையோடு திரையில் வந்துவிட்டால் அதை யாரும் சந்தேகிப்பதில்லை. அதனாலேயே திரைக்குழுவில் ஒரு குறும்பு வழக்கம்: வருடத்துக்கு ஒரு பொய் வாய்ப்பு. யாராவது ஓர் ஏமாளி நேர்காணலுக்கு வந்து உட்காருவான். கடைசியில் கும்பல் கதவைத் திறந்து கூச்சல் போடும். ஏமாந்தவனும் சேர்ந்து சிரிப்பான். போன வருடம் நிலாவில் விடுதிக் காப்பாளர் வேலைக்கு ஒருவன் சான்றிதழோடு வந்திருந்தான்.

"இந்த வருஷம் யாரு?"

"என் ரூம்மேட்டு. மண்ணு."

"மண்ணியல்ல முதல் மார்க்கு வாங்குற பொண்ணா? வெளிநாட்டு ஆய்விடம்கூட அவளுக்குத்தானே கிடைச்சுது?"

"அவளேதான். அதுலேர்ந்து மேடத்துக்குக் கால் தரையில பாவல. கொஞ்சம் இறக்கி விடணும்."

"அதுக்கு நீயும் போட்டிருந்தேல்ல?"

"போட்டேன். ரெண்டாவது வந்தேன். இப்ப அதுவா முக்கியம்? கண்ணாடிய ஏத்தி விடு, மூக்குல தொங்குது" என்று கேள்வித்தாளை அவன் கையில் திணித்துவிட்டுப் போனாள்.

மண்ணு வந்தாள். இஸ்திரி மடிப்பு கலையாத உடை. புதுச் செருப்பு கடித்த குதிகாலில் பிளாஸ்திரி. மேஜையில் மூன்று சின்னக் கண்ணாடிக் குப்பிகளை எடுத்து வைத்தாள். உள்ளே மண்.

தாளில் முதலில் இருந்தது கிண்டல் கேள்வி. முகத்தை இறுக்கிக்கொண்டு கேட்டான். "மண்ணுக்குக் கோபம் வருமா?"

அவள் சிரிக்கவில்லை. நடுக் குப்பியை அவன் பக்கம் நகர்த்தினாள்.

"வரும் சார். இதுக்கு வந்திருக்கு. உப்பு ஏறி ஏறி இறுகிப்போச்சு. எவ்வளவு தண்ணி ஊத்தினாலும் உள்ள விடாது, மேலயே தேக்கி வெச்சுக்கும். திட்டினா கேக்காது. கொஞ்சம் கொஞ்சமாத்தான் வழிக்குக் கொண்டு வரணும். ரெண்டு வருஷமா நான் அதைத்தான் பண்றேன்."

நடிக்க வந்தவன் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தான். சுதாரித்து அடுத்த கேள்விக்குப் போனான்.

"எங்க நிறுவனத்தை ஏன் தேர்ந்தெடுத்தீங்க?"

"வீட்டாள் ஒருத்தரைக் கூடக் கூட்டிட்டு வரலாம், வீடும் தருவோம்னு ஸ்லைடுல போட்டிருந்தீங்க. எங்கம்மாவுக்குக் கண்ணு மங்கிட்டே வருது சார். என்னை விட்டா யாரும் இல்ல. என் ரூம்மேட் அக்காதான் திரைக்கு முன்னாடி கையப் பிடிச்சு இழுத்துட்டுப் போய்க் காட்டினாங்க. உனக்குன்னே அளவெடுத்துத் தெச்ச மாதிரி இருக்குடின்னாங்க."

நாடகத்துக்கு மீசைக்குக் கீழே வியர்த்தது. தாளில் இன்னும் ஒரு கேள்விதான் பாக்கி.

"கையில வேற வாய்ப்பு ஏதாவது இருக்கா?"

"இருந்துச்சு சார், வெளிநாட்டு ஆய்விடம். காலையில அதை வேணாம்னு எழுதிக் கொடுத்துட்டேன். ஒருவருக்கு ஒரே வாய்ப்பு, இருக்கறதை விட்டாத்தான் அடுத்த நேர்காணல்னு ஸ்லைடுக்குக் கீழே இருந்துச்சே."

எல்லா ஸ்லைடுக்குக் கீழேயும் இருக்கும் வரி அது. பல்கலைக்கழக அலுவலகத்தின் விதி. விட்டுக்கொடுத்த இடம் அன்றைக்கே வரிசையில் அடுத்தவருக்குப் போய்விடும்.

"ஒரு நிமிஷம்" என்று எழுந்து வெளியே ஓடினான்.

நடைவழியில் எடிட்டர் மட்டும் சுவரில் சாய்ந்து நின்றாள்.

"கும்பல் எங்க?"

"வரல. நான் சொல்லல."

"அடிப்பாவி, அவ அந்த இடத்தை எழுதிக் கொடுத்துட்டா!"

"தெரியும். எனக்கு அலுவலகத்துலேர்ந்து செய்தி வந்துடுச்சு" என்று போனைத் திருப்பிக் காட்டினாள். வாழ்த்துகள் என்று தொடங்கியது.

"இப்பவே உள்ள போய் உண்மையச் சொல்லிடறேன்."

"தாராளமா சொல்லு. கோட்டு யாரு போட்டிருக்கா? அவகிட்ட இப்பக் கேள்வி கேட்டது யாரு? நீ பண்ணினதுக்குப் பேரு ஆள்மாறாட்டம், கண்ணு. படிப்பு அம்பேல். நானா? வருஷா வருஷம் போடற விளையாட்டு ஸ்லைடு ஒண்ணு போட்டேன். அவ்வளவுதான்." குரலைத் தணித்தாள். "தேறலன்னு சொல்லி அனுப்பிடு. ரெண்டு நாள் அழுவா. அப்புறம் மண்ணைத் தோண்டப் போயிடுவா."

நாடகம் கதவைப் பார்த்தான். ஊரில் அவன் படிப்புக்காக அக்கா போட்டுக்கொண்டிருந்த ஓவர்டைமை நினைத்தான். மண்ணுவைப் பற்றி நினைத்தது அதற்கப்புறம்தான். உள்ளே போய் உட்கார்ந்தான்.

"மன்னிக்கணும். உங்களை எடுத்துக்க முடியாது."

அவள் முகத்தில் முதலில் எதுவுமே மாறவில்லை. குப்பிகளை ஒவ்வொன்றாகப் பைக்குள் வைத்தாள். மூன்றாவது கைதவறி உருண்டது, பிடித்துக்கொண்டாள்.

"எந்தப் பதில் தப்புன்னு சொல்ல முடியுமா சார்? தெரிஞ்சா திருத்திக்குவேன்."

ஒரு தப்பும் இல்லை. ஆனால் பதில் வாங்காமல் எழுந்திருக்கமாட்டாள் போலிருந்தது. அவளைச் சீக்கிரம் அனுப்பிவிட வேண்டும் என்ற பதற்றத்தில் வாய்க்கு வந்ததைச் சொன்னான்.

"அந்த மண்ணு, கோபம்னு சொன்னீங்களே... சின்னப் புள்ளத்தனமா இருந்துச்சு. ஆராய்ச்சி பண்றவங்க அப்படிப் பேசக்கூடாது."

"சரி சார்" என்றாள். கழுத்து வரை சிவந்துவிட்டது. "இனிமே பேசமாட்டேன் சார். ரொம்ப நன்றி."

கதவைச் சத்தம் வராமல் சாத்திக்கொண்டு போனாள். வெளியே எடிட்டரின் குரல் கேட்டது.

"என்னடி ஆச்சு? ஐயோ, அழாத. அக்கா நான் இருக்கேன்ல?"

விசும்பல் அடங்க வெகுநேரம் ஆனது. பிறகு மண்ணுவின் குரல். "நான் விட்ட இடம் உங்களுக்குத்தானேக்கா வரும்?"

"எனக்கு எதுக்குடி அது? உன் இடம்."

"அப்படிச் சொல்லாதீங்கக்கா. வீணாப் போயிடும். எனக்காகவாவது நீங்க போங்க."



"நீ இவ்வளவு கெஞ்சறதால போறேன்" என்றாள் எடிட்டர்.