எடுத்து வைத்த பதினான்கு குச்சிகள்

பினாங்கில் இரண்டு வருஷம் வேலை பார்த்துவிட்டு நர்மதா முதலமடைக்குத் திரும்பியபோது, அவள் கொண்டுவந்த சாமான்களில் தாய் காளியாத்தாளுக்குப் பிடிக்காதது ஒன்றே ஒன்றுதான். ஒரு மூங்கில் குழாய். அதற்குள் அறுபது குச்சிகள், குச்சிக்கு ஒரு எண். அங்கே சீனக் கோயிலில் மண்டியிட்டு, மனசுக்குள் ஒன்றைக் கேட்டு, குழாயைச் சாய்த்துக் குலுக்குவார்களாம். அறுபதில் ஒன்று மெல்ல மேலேறித் தானாக வெளியே விழும். அந்த எண்ணுக்கு எழுதியிருப்பதுதான் சாமியின் பதில்.

"நம்ம கோயில்ல பூக்கேக்கறோமில்ல, அது மாதிரித்தாம்மா," என்பாள் நர்மதா. பலன்களைத் தமிழில் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தாள். நல்லது பச்சை மையில், கெட்டது சிவப்பு மையில்.

அவளுக்கு முப்பத்தொரு வயசு. மாங்காய் லாரிகள் வைத்திருந்த கோபாலபுரத்துப் பூபதிராஜாவை அவளாகத்தான் விரும்பினாள். பரிசம் போட நாள் குறிக்க வேண்டிய நேரத்தில் அவளே தயங்கினாள்.

"செக்போஸ்ட்டுல, வாட்சைக் கழட்டிப் பையில போட்டுட்டு, ஒரு டிரைவரை அடிச்சாரும்மா. அடிச்சதுகூடப் பெருசில்ல. அடிச்சுப்போட்டு, சிரிச்சுக்கிட்டே எங்கிட்ட வந்து, ஜூஸ் குடிக்கலாமான்னு கேட்டாரு."

"ஆம்பளைன்னா கை நீளத்தான் செய்யும் கண்ணு. லாரித் தொழிலு வேற."

"குச்சி போட்டுக் கேக்கறேன். வேண்டாம்னு வந்துதுன்னா வேண்டாம். சரின்னு வந்துதுன்னா அப்புறம் வாயே தொறக்க மாட்டேன்."

காளியாத்தாள் மகளின் வயசை எண்ணிப் பார்த்தாள். இந்த வயசில் இது தவறினால் இன்னொன்று எங்கே? சொந்தக்காரிகள் இப்போதே, "பினாங்குக்காரிக்கு ஊர்மாப்பிள்ளை ஆவாதாக்கும்?" என்று கல்யாண வீடுகளில் அவள் காதுபடவே பேசினார்கள். மகள் குளிக்கப் போன நேரம், நோட்டை விரித்து, சிவப்பு மையில் இருந்த எண்களை விரலால் தொட்டுத் தொட்டுத் தேடி, பதினான்கு குச்சிகளை உருவினாள். ராகிப் பானைக்குள் அவற்றைச் செருகி மேலே ராகியைத் தள்ளி மூடினாள்.

இந்த வித்தை அவளுக்குப் புதிதில்லை. அவள் கல்யாணத்துக்குப் பூக்கேட்டபோது, அவள் அப்பா இரண்டு பொட்டலத்திலும் வெள்ளைப் பூவையே மடித்து வைத்திருந்தார். சிவப்புப் பூ வந்தால்தானே சாமி வேண்டாம் என்றதாகும். சாமி சம்மதம் சொல்லிவிட்டது என்று ஊரே சொல்லிற்று. செத்துப்போன புருஷன் காளிச்சாமியோடு இருபத்தெட்டு வருஷம் அவள் எப்படி இருந்தாள் என்று யாரும் கேட்கவில்லை. அவளும் சொன்னதில்லை. இருந்தேனா இல்லையா, அவ்வளவுதானே என்று நினைத்துக்கொள்வாள்.

சாயங்காலம் நர்மதா மண்டியிட்டுக் குலுக்கினாள். குழாயின் சத்தம் மாறியிருந்தது. அடைபட்ட சத்தம் போய், லொடலொடவென்று கேட்டது. மகள் கண்ணை மூடியிருந்ததால் கவனிக்கவில்லை. தாயின் காதில் மட்டும் அது விழுந்துகொண்டே இருந்தது. ஒரு குச்சி விழுந்தது. முப்பத்திரண்டு. பச்சை மை. 'காத்திருந்த படகு கரை சேரும்.'

நர்மதா சிரித்தாள். ஆனால் பெரிய மூச்சு ஒன்று விட்டுவிட்டுத்தான் சிரித்தாள்.

பரிசம் போட்டார்கள். வைகாசியில் முகூர்த்தம். பூபதிராஜா அடிக்கடி வந்தான். கை நிறைய மாம்பழம், வாய் நிறைய அத்தை. ஒருநாள் நர்மதாவின் போனை எடுத்து, "இதத் தொறக்க என்ன நம்பரு, சொல்லு பாப்போம்," என்று விளையாட்டாகக் கேட்டான். அவள் சொல்லவில்லை. அப்போதும் சிரித்தான். மறுநாள் அவள் கையில் போன் இல்லை.

"கீழ உழுந்து ஒடஞ்சுபோச்சும்மா."

கல்யாணத்துக்கு ஒன்பது நாள் இருக்கையில், நர்மதா அம்மிக்கு முன் உட்கார்ந்து சட்டினி அரைத்தாள். வேர்வையில் முழுக்கைச் சட்டையை அவளறியாமல் மேலே ஏற்றினாள். மணிக்கட்டைச் சுற்றி நான்கு நீலத் தடம். உட்பக்கம் ஒன்று, கட்டைவிரல் அளவு. காளியாத்தாள் அதே இடத்தில் தன் கையைப் பார்த்துக்கொண்டாள். அங்கே இப்போது சுருக்கம் மட்டும்தான் இருந்தது.

"அம்முணி, இன்னொருக்கா அந்தக் குச்சியப் போட்டுக் கேளு."

"ஒரு தடவ பதில் வந்துட்டா மறுபடி கேக்கக்கூடாதும்மா. சாமிய நம்பலைன்னு ஆயிரும். அங்க கோயில்ல சொல்லித்தான் குடுத்தாங்க." அவள் கல்லை நகர்த்துவதை நிறுத்தவில்லை. "எனக்குப் பயமாத்தான் இருந்துது. ஆனா சாமியே சரின்னுருச்சே. என்ற பயந்தான் தப்புன்னு நெனச்சுக்கிட்டேன்."

வாசலில் புல்லட் சத்தம். சேலை எடுக்கக் கூட்டிப்போக அவன் வந்துவிட்டான். நர்மதா சட்டையை மணிக்கட்டு வரை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்து போனாள்.

காளியாத்தாள் ராகிப் பானைக்குள் முழங்கை வரை கையை விட்டாள். குச்சிகள் அடியில் போயிருந்தன. ராகி சிதறச் சிதற அள்ளிக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். மகள் ஒரு கால் மிதியில் வைத்து ஏறப்போகிற நேரம்.

"நர்மதா! ஏறாத!"

காளியாத்தாளின் கால் தடுக்கியது. பதினான்கும் புழுதியில் சிதறின.

"ஏனுங்க அத்த, அடுப்பெரிக்கக் குச்சியா?" என்றான் பூபதிராஜா.

"நாந்தான் கண்ணு எடுத்து வெச்சேன். எல்லாஞ் சிவப்பு மை. நீ கேட்டப்போ கொழாயில வேண்டாம்ங்கறதே இல்ல. உன்ற பயம் தப்பில்ல அம்முணி. நாந்தான் தப்பு."

நர்மதா காலைக் கீழே வைத்தாள். குனிந்து ஒரு குச்சியை எடுத்து எண்ணைப் பார்த்தாள். இன்னொன்றை எடுத்தாள்.

"ஏறு, நேரமாச்சு."

அவள் அடுத்ததை எடுத்தாள். அவன் ஹாரனை அழுத்தினான். விடாமல் அழுத்தினான். மாமரத்துக் காக்கைகள் எல்லாம் கிளம்பிப் பறந்தன. பதினான்கையும் பொறுக்கி மடியில் வைத்துக்கொண்டு அவள் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

ஹாரன் நின்றது. வண்டியின் இன்ஜினும் நின்றது. ஸ்டாண்டைக் காலால் தள்ளும் சத்தம் கேட்டது.

காளியாத்தாள் நகர்ந்து இருவருக்கும் நடுவில் போய் நின்றாள். "பொண்ணு வரமாட்டா, பூபதி. நீ ஊட்டுக்குப் போ." மாப்பிள்ளை என்ற வார்த்தை வாயில் வரவில்லை.

அவன் கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டான். பிறகு சிரித்துக்கொண்டே வந்தான்.