அலையில் தள்ளிவிடுகிறவள்

நிரோஜன் அந்தப் பலகையில் முதன்முதலாக எழுந்து நின்றபோது நான் கல்கிசைக் கடற்கரையில் அவனுடைய துவாயையும் செருப்பையும் காவல் காத்துக்கொண்டிருந்தேன். அதுவரைக்கும் விழுந்து விழுந்து எழும்பினவன், இரண்டு கையையும் விரித்து, முழங்காலை மடித்து, முப்பத்திரண்டு பல்லும் தெரியக் கரைக்கு வந்து சேர்ந்தான். வந்து இறங்கி, வைத்த சாமான் வைத்த இடத்தில் இருக்கிறதா என்று பார்க்கிறவன்மாதிரி என்னை ஒரு பார்வை பார்த்தான். உடனே திரும்பி, இடுப்பளவு தண்ணீரில் நின்ற என் மச்சாள் சரோஜினிதேவியிடம், "மாமி, கண்டனீங்களோ?" என்று கத்தினான். அவ்வளவுதான். பலகையைத் தூக்கிக்கொண்டு அவளிடமே ஓடிவிட்டான். பெற்றவள் ஒருத்தி வெயிலில் குந்தியிருக்கிறாள், அவளிடம் ஒரு வார்த்தை கேட்போம் என்று அவனுக்குத் தோன்றவில்லை. எனக்கு வயிறு பற்றி எரிந்தது.

சரோ என் கணவரின் தங்கை. சிட்னியில் இருபது வருடமாக இருக்கிறாள். என்னைவிட இரண்டு வயது மூத்த உடம்பை வைத்துக்கொண்டு, கறுப்புக் களிசானும் கை நீண்ட சட்டையுமாகக் கடலுக்குள் இறங்கி நிற்கிறாள். அவளுடைய பெண்பிள்ளைகள் வளர்ந்து, தாயோடு கடலுக்குப் போவதை விட்டுவிட்டார்களாம். சும்மா கிடந்த பலகையை மருமகனுக்கென்று பிளேனில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தாள். சேர்ஃப் போட் என்று அதற்குப் பெயர். பலகை என்று சொன்னாலும் அது பலகையும் இல்லை. மேற்பக்கம் ரப்பர் செருப்பின் மெத்தைமாதிரி அமுங்கும், தலையில் பட்டாலும் நோகாது. போட்டிக்குப் போகிறவர்கள் இதைத் தொடமாட்டார்கள், விளையாட்டுக்கு மட்டும்தான் என்று அவளே சொன்னாள். விளையாடுவதற்கு ஏற்ற காலம்தான் அது. இரண்டாயிரத்தேழாம் ஆண்டு மாசி மாதம். வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கையிலிருந்து ஒரு பெடியனை வெள்ளை வான் வண்டியில் யாரோ கடத்திக்கொண்டு போய் அப்போது ஒரு மாதம்கூட ஆகவில்லை.

அதனால்தான் சரோவை வரச் சொன்னதே. பொய் சொல்லக்கூடாது, வரச் சொன்னது நான். கணவர் யோகநாதன் கொட்டாஞ்சேனையில் மருந்துக் கடை வைத்திருக்கிறார். விடியப் போனால் பொழுதுபடத்தான் வருவார். பதினேழு வயதுப் பிள்ளையை வீட்டுக்குள் பூட்டி வைத்திருந்தது நான்தான். பள்ளிக்கூடம், ரியூசன், வீடு. ரியூசன் வாசலிலும் போய் நிற்பேன். ஒரு வருடமாக அவன் சிரித்து நான் காணவில்லை. ராத்திரியில் வாகனச் சத்தம் கேட்டால் எழும்பிப் போய் அவன் மூச்சைக் கேட்டுவிட்டு வருவேன். ஒருநாள் நானே தொலைபேசியில் அழுது, "சரோ, என்ரை பிள்ளையை அங்கை எடுத்துப்போடும்" என்று கேட்டேன். அவளும் புருஷனும் ஓடித்திரிந்து படிக்கிற விசா எடுத்துக் கொடுத்தார்கள். கூட்டிக்கொண்டு போக அவளே வந்துமிருக்கிறாள். வேறு யாரும் என்றால் காலில் விழுந்து கும்பிடுவார்கள். நானும் மனதுக்குள் கும்பிட்டேன்தான். ஆனால் அவள் வந்து கொஞ்ச நாளுக்குள்ளேயே அவனைச் சிரிக்க வைத்துவிட்டாளே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

பிட்டும் சம்பலும் தின்று வளர்ந்தவன் காலையில் ஓட்ஸ் கேட்கத் தொடங்கினான். "மாமி சொன்னவ" என்று எதற்கெடுத்தாலும். மாமி சொன்னவ, அலையைத் திரும்பிப் பார்க்கக் கூடாதாம். மாமி சொன்னவ, காலைப் பாராமல் கரையைப் பார்க்க வேண்டுமாம். வெள்ளவத்தையில் ரெயின் ஏறி, பலகையைக் கதவடியில் சாய்த்து, இரண்டு பேரும் அதற்கு இரண்டு பக்கமும் நின்று கதைத்துக்கொண்டு வருவார்கள். பையோடு நான் உள்ளே இருப்பேன். கல்கிசையில் இறங்கினதும் அவள் அவனோடு கடலுக்குள், நான் மணலில். அவள் பலகையின் வால்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு, தோளுக்கு மேலால் பின்னே திரும்பி அலை பார்ப்பாள். அவன் குப்புறப் படுத்திருப்பான். நுரை வந்து சேருகிற நேரத்தில் ஒரு தள்ளு, "எழும்படா" என்று ஒரு சத்தம். அந்தக் கை என் கையாக இருக்கக் கூடாதா என்று நினைத்து நினைத்து வெந்துகொண்டிருந்தேன். அவனுடைய முதல் நடை என் விரலைப் பிடித்து நடந்தது. இது மட்டும் அவளுடையதாகப் போய்விட்டது.

திரும்பி வரும்போது ரெயினில் அவள் ஒரு கேள்வி கேட்பாள். ஒவ்வொரு நாளும் அதே கேள்வி. "மச்சாள், அவன் நிண்டுகொண்டு வரேக்க முகம் எப்பிடி இருந்தது?"

என்ன கொழுப்பு பாருங்கள். தான் செய்த வித்தையை என் வாயால் கேட்டுச் சந்தோஷப்பட வேண்டும் அவளுக்கு. நானா விடுவேன். "முகம் எப்பிடி இருக்கும், முகம்மாதிரித்தான் இருந்தது" என்றேன். இன்னொரு நாள் கேட்டதற்கு, "வெயிலுக்கை கண் கூசிப்போச்சு, நான் வடிவாப் பாக்கேல்லை" என்றேன். அவள் ஜன்னலால் கடலைப் பார்த்துக்கொண்டு வந்தாள். ஒரு சின்ன வெற்றி கிடைத்தமாதிரி எனக்கு அன்றைக்குப் பசித்தது.

பயணத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது நண்டுக் கறி வைத்தேன். சரோவுக்கு உறைப்பு ஆகாது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். தூள் கொஞ்சம் கூடிப்போனது. வேண்டுமென்று போட்டேன் என்று சொல்ல முடியாது, கை தவறியது என்றும் சொல்ல முடியாது. கண்ணில் தண்ணீர் வழிய, "மச்சாளின்ரை கைப் பக்குவம்" என்று சொல்லிச் சொல்லிச் சாப்பிட்டாள். மறுநாள் விடிய அவளால் கட்டிலை விட்டு எழும்ப முடியவில்லை. கடைக்குப் போகமுதல் யோகநாதன் குளிசை கொடுத்துவிட்டு என்னை ஒரு மாதிரிப் பார்த்துக்கொண்டு போனார். நான் தேசிக்காய்த் தண்ணீர் கரைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

நிரோ பலகைக்குப் பக்கத்தில் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு இருந்தான். "கடைசி நாள், அம்மா" என்றான். நான் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. "வா, நான் வாறன்" என்றேன். இன்றைக்கு அவன் என்னுடையவன் என்று உள்ளுக்குள் ஒரு துள்ளல். சரோ தலையைத் தூக்கி, "மச்சாள், என்ரை பாஸ்போட் இல்லாமல் போறியள், கவனம்" என்றாள். அதுவும் எனக்குப் பெருமையடிக்கிற கதையாகத்தான் பட்டது. உன்னுடைய பாஸ்போட் இல்லாமல் நாங்கள் இவ்வளவு காலமும் உயிரோடு இருக்கவில்லையா என்று மனதுக்குள் கேட்டுக்கொண்டு படியிறங்கினேன்.

ரெயில் நிலையத்துக்குத் திரும்புகிற சந்தியில் சோதனைச் சாவடி. சரோவோடு போகிற நாட்களில் அங்கே நிற்கிற ஆமிக்காரப் பெடியன்கள் அவளுடைய நீலப் பாஸ்போட்டைப் பார்ப்பார்கள், பலகையை விரலால் அமுக்கிச் சிரிப்பார்கள், "ஹரி, யன்ன", சரி போங்கள், என்று அனுப்பிவிடுவார்கள். அன்றைக்கு நின்றவன் புதியவன். உறையைக் கழற்றச் சொன்னான். அடையாள அட்டை இரண்டையும் வாங்கி, பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று இருந்ததை இன்னொருவனிடம் காட்டினான். பலகையைத் திருப்பினான், தட்டினான், காதை வைத்துக் கேட்டான். பிறகு கத்தி நுனியை மெத்தைக்குள் இறக்கி உள்ளே என்ன இருக்கிறதென்று கிளறினான். வெள்ளையாகத் துகள்தான் கொட்டியது. அதோடு விட்டிருக்கலாம். நிரோவின் சட்டையைக் கழற்றச் சொல்லித் தோளையும் முதுகையும் பார்த்தான். முழங்கையில் ஒரு பழைய தழும்பு. அதைப் புலிகளிடம் பயிற்சி எடுத்த அடையாளமாக எடுத்து, அவனைத் தனியாக மண்மூடைக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார்கள்.

சைக்கிளில் விழுந்த தழும்பு. நான் மஞ்சள் பூசி ஆற்றினது. அதைச் சொல்ல எனக்குச் சிங்களம் வரவில்லை. வாயில் வந்தது இரண்டே சொல். "மகே புத்தா, மகே புத்தா." என் மகன், என் மகன். திரும்பத் திரும்ப அதையே சொல்லிக்கொண்டு நின்றேன். உள்ளே நிரோ தன் பள்ளிக்கூடச் சிங்களத்தில் ஏதோ விளங்கப்படுத்துகிற சத்தம் கேட்டது. ரெயில் ஒன்று போனது, இன்னொன்றும் போனது. கடைசியில் ஒரு மூத்த ஆமிக்காரர் வந்து பலகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "ஹரி, மல்லி, யன்ன", சரி தம்பி, போ, என்று அவனிடம் சட்டையைக் கொடுத்தார். கத்தி போட்டவன் துகளைக் காலால் ஒதுக்கிவிட்டான்.

வீட்டுக்குத் திரும்புவோம் என்றேன். நிரோ உறையைப் பூட்டிக்கொண்டே, "இல்லை அம்மா, போவம்" என்றான். அவன் குரலில் பயம் இல்லை. ஒரு களைப்புத்தான் இருந்தது. பதினேழு வயதில் இருக்கக் கூடாத களைப்பு. அவன் எப்படியும் போகத்தான் வேண்டும் என்று அந்த இடத்தில், அந்த மண்மூடையைப் பார்த்துக்கொண்டு, இன்னொருதரம் எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

கல்கிசையில் கடல் நல்ல பிள்ளையாகக் கிடந்தது. துவாயையும் செருப்பையும் வழக்கமான இடத்தில் வைத்தேன். நிரோ தண்ணீர் விளிம்பில் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தான். "தள்ளுறதுக்கு ஆள் வேணும்."

பஞ்சாபிச் சால்வையை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு இறங்கினேன். துணி நனைந்து கால்களோடு பின்னிக்கொண்டது. ஒரு அலை வந்து என்னை உட்கார வைத்தது, உப்புத்தண்ணீர் மூக்கால் வந்தது. அவன் சிரித்துக்கொண்டு கையைத் தந்தான். அவன் படுத்தான், நான் வாலைப் பிடித்தேன். சரோ செய்கிறமாதிரித் தோளுக்கு மேலால் பின்னே பார்த்தேன். முதல் தரம் பிந்தித் தள்ளினேன், விழுந்தான். இரண்டாம் தரம் விடமனமில்லாமல் கொஞ்சம் கூடப் பிடித்துவிட்டேன், அப்போதும் விழுந்தான். "விடோணும் அம்மா, பிடிச்சாப் பலகையின்ரை மூக்குக் குத்தும்" என்றான். மூன்றாம் தரம் நுரை வந்து என் முதுகில் அடித்த நேரத்தில் பலம்கொண்ட மட்டும் தள்ளினேன். பலகை கையை விட்டுப் போனது. அவன் எழுந்து நின்றான்.

எனக்குத் தெரிந்தது அவன் முதுகு. நனைந்து ஒட்டின சட்டை, பிடரி, விரித்த இரண்டு கை. சிரிக்கிறான் என்று காது மடல் அசைகிறதில் ஊகித்தேன். அந்த முகம் முழுக்கக் கரைக்குப் போய்க்கொண்டிருந்தது. கரையில் ஒரு துவாயும் ஒரு சோடிச் செருப்பும்தான் இருந்தன. எட்டி எட்டிப் பார்த்தேன். தண்ணீருக்குள் நின்று எட்டினால் என்ன தெரியும். தள்ளுகிறவளுக்கு முதுகுதான். இத்தனை நாளும் ஒவ்வொரு அலைக்கும் அந்தச் சிரிப்பு நேரே வந்து என் மடியில் விழுந்துகொண்டிருந்தது. நானோ அதைத் தட்டிவிட்டு அவளுடைய கையைப் பார்த்துப் பொருமிக்கொண்டிருந்தேன்.

அவன் கரையில் இறங்கினான். இறங்கினவன் உடனே திரும்பவில்லை. முதலில் துவாய் கிடந்த இடத்தைப் பார்த்தான். நான் அங்கே இல்லை என்று தெரிந்தும் ஒரு கணம் அப்படியே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகுதான் கடலுக்குத் திரும்பி, "அம்மா, கண்டனீங்களோ?" என்று கத்தினான்.

"ஓம் ராசா, கண்டனான்" என்றேன்.

வெயில் தாழ வீட்டுக்கு வந்தோம். நிரோ பலகையைப் பல்கனிக்குக் கொண்டுபோனான். கத்தி இறங்கின ஓட்டையை மேலே பார்க்க வைத்து, அதற்குள் போன உப்பைக் கழுவத் தொடங்கினான். நான் ஈரத்தோடு போய்ச் சரோவின் கட்டிலில் இருந்தேன். அவள் முகம் வெளுத்துப்போயிருந்தது. என் சால்வையிலிருந்து சொட்டுகிற தண்ணீரைப் பார்த்தாள். சந்தியில் ஏதும் நடந்ததா என்று கேட்பாள் என்று நினைத்தேன். கேட்கவில்லை.

"இண்டைக்கு முகம் எப்பிடி, மச்சாள்?" என்றாள்.

"நான் தள்ளினனான். தெரியேல்லை."

அவள் தலையை ஆட்டினாள். அவளுக்கு அது புதினமில்லை. நான் அவள் கையைப் பிடித்தேன். அந்தக் கையில் அப்போதும் எனக்குப் பொறாமைதான். இல்லையென்று யாருக்குச் சொல்வது. நாளைக்கழித்து அவனுக்குச் சோறு போடப்போகிற கை.

"சரோ, அங்கை போனாப் பிறகு நீர் தண்ணிக்குள்ளை இறங்கப்படாது" என்றேன். "தள்ளுறதுக்கு வேற ஆரையும் பிடியும். நீர் கரையிலை இரும். இருந்து வடிவாப் பாத்து, ராவைக்கு எனக்குப் போன் எடுத்துச் சொல்லோணும். ஒண்டும் விடாமல்."

"சொல்லுறன்" என்றாள் சரோ. தலையணையைச் சுவரோடு நிமிர்த்தி வைத்து, மெல்ல எழும்பி உட்கார்ந்தாள். "அப்ப நீங்களும் சொல்லுங்கோ. அவன் முதல் நிண்ட அண்டைக்கு எப்பிடி இருந்தது?"

பலகையில் ஊற்றின தண்ணீர் பல்கனி விளிம்பால் வழிந்து கீழ்வீட்டுக்காரியின் உடுப்புக் கொடியில் விழுந்துகொண்டிருந்தது. அவள் கீழே நின்று சிங்களத்தில் ஏசுகிற சத்தமும், "சொரி அன்ரி, சொரி" என்று நிரோ சிரித்துக்கொண்டு சொல்கிற சத்தமும் கேட்டன. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"வாய் முழுக்கத் திறந்திருந்தது" என்று தொடங்கினேன். "மேல் வரிசையிலை ஒரு பல்லு கொஞ்சம் முன்னுக்கு நிக்கும், தெரியுமோ, அதுதான் முதல் கரைக்கு வந்தது."