பருத்திச் சூட்டில் இரண்டு ரொட்டி

அந்தப் பெரிய விடுதியின் அடித்தளத்தில் ஏழு தேய்ப்பு மேசைகள், ஏழுக்கும் ஏழு பெண்கள். அவர்களில் மூத்தவளுக்கு ஆவியக்கா என்று பெயர் விழுந்து பதினெட்டு வருடம் ஆகிறது. இஸ்திரிப் பெட்டி கக்கும் ஆவிக்குள் பாதி நாள் மறைந்தே நிற்பவள் என்பதால் வந்த பெயர். புதிதாகச் சேர்ந்த ஒருத்தி அதை வேறு ஆவி என்று நினைத்துக்கொண்டு முதல் நாளே வேலையை விட்டு ஓடப் பார்த்தாள். அவள்தான் இப்போது விரிப்புக்காரி. ஆறடி உயரம். படுக்கை விரிப்புகளை அவளைத் தவிர வேறு யாராலும் தரையில் படாமல் மடிக்க முடியாது.

வேலை காலை ஐந்தரைக்குத் தொடங்கும். ஏழு மணிக்குப் பதினைந்து நிமிட இடைவேளை. சலவைக்கூடத்தின் மூலையில் ஒரு சின்ன அறை இருந்தது. நாலு நாற்காலி, ஒரு மின் அடுப்பு, ஒரு கெட்டில். யாராவது முட்டை கொண்டுவருவார்கள், யாராவது மாவு கரைத்துக் கொண்டுவருவார்கள். சுடச்சுட எதையாவது வயிற்றில் போட்டுக்கொண்டு மறுபடி மேசைக்குப் போவார்கள். பெரிய சொகுசு ஒன்றுமில்லை. ஆனால் அந்தப் பதினைந்து நிமிடத்துக்காகத்தான் பலர் படுக்கையை விட்டு எழுந்தார்கள்.

புதிய மேற்பார்வையாளர் வந்த இரண்டாவது வாரம் அந்த அறைக்குப் பூட்டு விழுந்தது. உள்ளே சோப்புத்தூள் பீப்பாய்கள் அடுக்கப்பட்டன. சுவரில் ஒரு அறிவிப்பு: 'சலவைக்கூடத்தில் அடுப்பு, கெட்டில் முதலிய சமையல் சாதனங்கள் எவற்றையும் பயன்படுத்தக் கூடாது.'

"மேல ஊழியர் சாப்பாட்டுக்கூடம் ஒன்பது மணிக்குத் திறக்கும். அங்க சாப்பிட்டுக்கோங்க. இங்க சமைக்கிறதால ஒரு ஆளுக்கு நாலு நிமிஷம் வீணாகுது" என்றார் அவர். எதைச் சொன்னாலும் நிமிடத்தில் சொல்கிறவர். மத்தியானத்துக்குள் அவருக்கு நிமிஷம் சார் என்று பெயர் வைத்தாகிவிட்டது.

டப்பாவில் கட்டிக்கொண்டு வரலாம்தான். நாலரைக்கு வீட்டை விட்டுக் கிளம்புகிறவள் எதைக் கட்டுவாள்? கட்டினாலும் ஏழு மணிக்கு ரொட்டி செருப்புத் தோலாகியிருக்கும். மற்றவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு சமாளித்தார்கள். கைக்குட்டை என்று எல்லோரும் கூப்பிடுகிறவளால் மட்டும் முடியவில்லை. சாப்பாட்டு மேசைக் கைத்துண்டுகளைத் தேய்க்கிற இளம்பெண் அவள், அதனால் அந்தப் பெயர். ஐந்தாவது மாதம். ஆறிய சாப்பாட்டைப் பார்த்தாலே குமட்டிக்கொண்டு வரும் அவளுக்கு.

ஒரு வியாழக்கிழமை எட்டரை மணிக்கு, மேசையைப் பிடித்தபடியே அவள் சரிந்து விழுந்தாள். ஆவியக்கா ஓடிப்போய்த் தலையைத் தாங்கினாள். விரிப்புக்காரி தண்ணீர் கொண்டுவந்தாள். சத்தம் கேட்டு வந்த நிமிஷம் சார் முதலில் பார்த்தது மேசையை. கவிழ்ந்து கிடந்த பெட்டிக்கு அடியில் ஒரு கைத்துண்டு பொசுங்கிக்கொண்டிருந்தது.

"அய்யோ, துணி!" என்றார்.

ஆவியக்கா நிமிர்ந்து பார்த்தாள். அந்த ஒரு வார்த்தை அவள் நெஞ்சில் முள்ளாகத் தைத்துவிட்டது. மருத்துவர் வந்து பார்த்து, பிள்ளைக்கு ஒன்றுமில்லை, பசிமயக்கம், காலையில் வயிறு காயவிடக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போன பிறகும் அந்த முள் அப்படியே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆவியக்காவின் புருஷன், முடிதிருத்துகிறவர், பல் விளக்கிவிட்டு வந்தபோது வீட்டில் வெண்ணெய் தீய்கிற வாசம். அடுப்பு அணைந்திருந்தது. அவள் துணி தேய்க்கிற பலகையின் முன்னால் நின்று, இஸ்திரிப் பெட்டியை ஒரு காகிதப் பொட்டலத்தின் மேல் அழுத்திக்கொண்டிருந்தாள்.

"என்னடி பண்ற?"

"டிபன்."

"சட்டை தேய்க்கிற பெட்டியிலயா? மூளை கீளை குழம்பிடுச்சா உனக்கு?"

"அடுப்புதான வேணாம்னாரு? இது அடுப்பா?"

அவர் பெட்டியைப் பார்த்தார், பெண்டாட்டியைப் பார்த்தார், பிறகு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். முப்பது வருடத்தில் இந்தக் குரலை மூன்று முறை கேட்டிருக்கிறார். மூன்று முறையும் குறுக்கே நின்றவர்கள் உருப்பட்டதில்லை.

முதல் ரொட்டி கரி. ஆவியை அணைக்க மறந்ததால் இரண்டாவது கூழ். நான்காவதில்தான் சங்கதி பிடிபட்டது. இரண்டு துண்டு ரொட்டிக்கு வெளிப்பக்கம் வெண்ணெய், உள்ளே வாழைப்பழ வில்லைகள், மேலே ஒரு சிட்டிகை சர்க்கரை. வெண்ணெய்க் காகிதத்தில் இரண்டு சுற்று. பெட்டியின் சூட்டுத் திருகைப் பருத்தித் துணிக்கான அளவில் வைத்து, ஒரு பக்கத்துக்கு இரண்டு நிமிடம் அழுத்தினால் வெளியே மொறுமொறு, உள்ளே பழம் குழைந்து தேனாகிவிடுகிறது. பாலாடைக்கட்டி வைத்தால் பருத்தி கூடாது, கம்பளிச் சூடுதான் சரி. சாக்லேட்டுக்குப் பட்டு. அதற்கு மேல் போனால் சாக்லேட் திரிந்துவிடும். பெட்டியின் மூக்கால் ஓரம் முழுவதும் அழுத்திக்கொண்டே போனால் நாலு பக்கமும் ஒட்டி, கடித்தாலும் உள்ளே இருப்பது ஒழுகாது. அதற்கு அவள் 'பாக்கெட்' என்று பெயர் வைத்தாள். நடுவில் மடித்து ஓரத்தைக் கூர்மையாக இழுத்தது 'காலர்'. ஒரு முழு நீள ரொட்டியைப் பிளந்து பாலாடைக்கட்டியும் தக்காளியும் திணித்தது 'முழுக்கை'.

"இன்னொரு காலர் போடேன்" என்றார் புருஷன், விரலை நக்கிக்கொண்டு.

திங்கட்கிழமை ஏழு மணி அடித்ததும் ஆவியக்கா தன் மேசைத் துணியின் மேல் பழைய துண்டு ஒன்றை விரித்தாள். பையிலிருந்து பொட்டலங்களை எடுத்தாள். மற்றவர்கள் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நாலு நிமிடத்தில் முதல் பாக்கெட் கைக்குட்டையின் கைக்குப் போனது. அவள் பயந்து பயந்து ஒரு வாய் கடித்தாள். குமட்டவில்லை. இன்னொரு வாய் கடித்தாள். பிறகு அழுதுகொண்டே முழுவதையும் தின்று தீர்த்தாள்.

"ஏன்டி அழுவுற?"

"நல்லா இருக்குக்கா."

புதன்கிழமைக்குள் ஏழு மேசையிலும் பொட்டலம் ஏறிவிட்டது. அடுத்த வாரம் போட்டியே தொடங்கிவிட்டது. விரிப்புக்காரி ரொட்டிக்குள் ஆப்பிள் சீவலும் பொடித்த பிஸ்கட்டும் வைத்து, கைமுட்டி அளவுக்கு உப்பிய ஒன்றைத் தயாரித்தாள். அதற்குத் 'தலையணை' என்று பெயர்.

வாசனைக்குப் பூட்டுப் போட முடியுமா? பத்தாம் நாள் நிமிஷம் சார் மூக்கை முன்னால் விட்டுக்கொண்டு வந்து சேர்ந்தார். ஆவியக்காவின் பெட்டிக்கு அடியில் காகிதம் புகைந்துகொண்டிருந்தது.

"என்ன இது?"

"காலை டிபன் சார். உங்களுக்கு ஒண்ணு போடவா?"

"அறிவிப்பப் படிக்கலையா நீங்க?"

"படிச்சேன் சார். சமையல் சாதனம் கூடாதுன்னு இருக்கு. இது இஸ்திரிப் பெட்டி. நீங்களே கையெழுத்துப் போட்டுக் குடுத்தது."

அவர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "விருந்தாளிங்க சட்டையில வெண்ணெய்க் கறை பட்டா யாரு பதில் சொல்றது?"

அந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவள் மாதிரி ஆவியக்கா பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "நியாயமான கேள்வி. அதோ, இந்தப் பத்து நாள்ல நாங்க தேச்சதுல இன்னும் மேல போகாதது அலமாரியில இருக்கு. வெள்ளைத் துணி மட்டும் எடுத்துப் பாருங்க. ஒரே ஒரு எண்ணெய்ப் பொட்டு காட்டுங்க சார், நானே வேலைய விட்டுப் போயிடுறேன்."

அவர் விடவில்லை. விளக்கடியில் ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தார். முகர்ந்துகூடப் பார்த்தார். ஒரு மேசை விரிப்பில் சின்ன மங்கல் தெரிந்தபோது கைக்குட்டைக்கு உயிரே போய்விட்டது. அவர் நகத்தால் சுரண்டினார். துணியின் நூல் முடிச்சு அது. நாற்பது நிமிடம் ஆனது. எத்தனை நிமிடம் வீணானது என்று அன்று அவர் சொல்லவில்லை.

மறுநாள் சுவரில் இன்னொரு தாள்: 'இஸ்திரிப் பெட்டிகளைத் துணி தேய்ப்பதற்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும்.'

ஏழு மணிக்கு ஆவியக்கா வீட்டிலிருந்து கொண்டுவந்த தன் சொந்தக் கைத்துண்டை எடுத்தாள். காகிதம் சுற்றிய ரொட்டியை அதற்குள் வைத்து நாலு மூலையையும் அழகாக மடித்தாள். தேய்த்தாள்.

நிமிஷம் சார் பின்னால் வந்து நின்றார். "நான் எழுதினத நீங்க பாக்கலை?"

"பாத்துட்டுத்தான் சார் பண்றேன். துணியத்தான் தேய்க்கிறேன்."

"உள்ள என்ன இருக்கு?"

"அதப் பத்தி அந்தத் தாள்ல ஒண்ணும் எழுதலையே."

யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. அது அடுத்த மேசைக்குத் தாவியது. அவர் காது மடல் சிவந்து திரும்பிப் போனார். மத்தியானத்துக்குள் ஆவியக்காவின் கைக்கு உத்தரவு வந்துவிட்டது. நாளையிலிருந்து ஈரப் பிரிவு. அழுக்குத் துணியைப் பிரித்து இயந்திரத்தில் போடும் வேலை. பதினெட்டு வருடம் தேய்த்த கைக்கு.

"போகாதீங்கக்கா, நாங்களும் வேலைய நிறுத்திடுறோம்" என்றாள் விரிப்புக்காரி.

"வேலைய ஏன் நிறுத்தணும்? வேலையில அவரு குறையே கண்டுபிடிக்கக் கூடாது. டிபன மட்டும் நிறுத்திடாதீங்க."

ஈரப் பிரிவில் முழங்கால் வரை தண்ணீர் தெறிக்கும். யார் யாரோ துடைத்த துண்டு, யார் யாரோ சிந்திய குழம்பு. முதல் நாள் இடுப்பு விட்டுப்போயிற்று. இரண்டாம் நாள் காலை ஏழு மணிக்கு அவள் ஒரு கூடை மேல் உட்கார்ந்து காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தபோது, சுவருக்கு அந்தப் பக்கமிருந்து வாசம் வந்தது. வாழைப்பழமும் வெண்ணெயும். அவள் எட்டிப் பார்த்தாள்.

நிமிஷம் சார் கூடத்தின் நடுவில் நின்றுகொண்டிருந்தார். அவருக்கு நேர் எதிரே, அதிர்ந்து பேசத் தெரியாத கைக்குட்டை, தன் வயிற்றைத் தாங்கிக்கொண்டு ஒரு பொட்டலத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பெட்டி நிற்கவில்லை.

"உன்னையும் அந்தப் பக்கம் மாத்தணுமா?"

"மாத்துங்க சார்" என்றாள் அவள். பொட்டலத்தைத் திருப்பிப் போட்டபடியே முடித்தாள்: "சாப்பிட்டுட்டுப் போறேன்."

அவர் விரிப்புக்காரியைப் பார்த்தார். அவள் மேசையில் தலையணை. அடுத்த மேசையில் முழுக்கை. ஆறு பெட்டிகளும் ஒன்றாகச் சீறிக்கொண்டிருந்தன. ஆறு பேரையும் ஈரப் பிரிவுக்கு அனுப்பினால் தேய்ப்பதற்கு யாரும் இருக்க மாட்டார்கள்.

அடுத்த வெள்ளிக்கிழமை விடுதியில் ஒரு பெரிய மாநாடு நடக்கவிருந்தது. நூற்றிருபது மேசைகளுக்குச் சுற்றிலும் கட்டும் கொசுவப் பாவாடைத் துணிகள் வந்து குவிந்தன. கத்தி முனை மாதிரிக் கொசுவம் விழ வேண்டும். அதை அப்படி விழவைக்கிற கை அந்தக் கட்டடத்திலேயே ஒன்றுதான். அது அழுக்குத் துண்டு பிரித்துக்கொண்டிருந்தது.

புதன்கிழமை மாலை நிமிஷம் சார் ஈரத் தரையில் காலை எட்டி எட்டி வைத்துக்கொண்டு வந்தார்.

"நாளையிலேர்ந்து உங்க மேசைக்கே வந்துடுங்க."

"வரேன் சார். அந்த அறையக் காலி பண்ணிக் குடுத்துடுங்க. அடுப்பு, நாற்காலி எல்லாத்தோடயும்."

"இது மிரட்டலா?"

"இல்ல சார். ஒரு புள்ளத்தாச்சி பசியில விழுந்து கெடந்தா, நீங்க துணியப் பாத்தீங்க. அன்னைக்கே நான் கேட்டிருக்கணும். பதினெட்டு வருஷம் வாய மூடி வேலை செஞ்ச பழக்கம், உடனே வார்த்தை வரல. இப்ப கேக்குறேன்."

அவர் தரையில் ஓடிய சோப்புத் தண்ணீரைப் பார்த்தார். "அந்தப் பொண்ணு விழுந்தப்போ..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். பிறகு, "சரி. ஆனா இனிமே பெட்டியில ரொட்டி சுட மாட்டோம்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க" என்றார்.

"அது முடியாது."

"அடுப்புதான் வந்துடுதே!"

"அடுப்புல காலர் வராது சார்."

மறுநாள் காலை பீப்பாய்கள் வெளியே வந்தன. அறைக் கதவில் ஒரு புதுத் தாள்: 'காலை உணவு இடைவேளை, 7.00 முதல் 7.15 வரை.' நிமிஷம் சார் அதை ஒட்டிவிட்டுப் பக்கத்திலேயே நின்றார். கைக்குட்டை தட்டில் ஒரு பாக்கெட்டை வைத்து அவரிடம் நீட்டினாள். வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டார். அது அவர் இஷ்டம். யாரும் வற்புறுத்தவில்லை.

ஆவியக்கா அந்தத் தாளை வாசித்தாள். இரண்டு தடவை வாசித்தாள்.

"பதினஞ்சு போதாது சார்."

"ஏன்?"

"ஏழு பேரு. ஒரு பக்கத்துக்கு ரெண்டு நிமிஷம். மெல்லுறதுக்கு நேரம் வேணாமா? இந்தப் பொண்ணு ரெண்டு உசுருக்குச் சாப்பிடணும். நிமிஷம் உங்களுக்குத்தான் நல்லாத் தெரியுமே, நீங்களே போட்டுப் பாருங்க."

அவர் அவளை முறைத்தார். அவள் கண்ணை எடுக்கவில்லை. கடைசியில் சட்டைப் பையிலிருந்து பேனாவை உருவி, 7.15 என்பதை அடித்துவிட்டு 7.20 என்று எழுதினார்.

"கீழ கையெழுத்து" என்றாள் ஆவியக்கா.

போட்டார்.