எர்ணாவூர் ஊதா

எர்ணாவூர் மேம்பாலத்தில் முதல் கைக்குட்டை ஊதாவாக மாறியபோது அந்த ஷேர் ஆட்டோவில் இருந்தவர்கள்: வண்டியோட்டி பொன்ராஜ், பழைய வண்ணாரப்பேட்டையில் துணிக்குச் சாயம் போடும் முபாஷிர், வேலைக்குப் போகும் நர்சுகள் இருவர், தென்சென்னையிலிருந்து மாற்றலாகி வந்த வங்கி அதிகாரி ஒருவர், மடியில் கருவாட்டுக் கூடையோடு தங்கபுஷ்பம். அதிகாரி வெள்ளைக் கைக்குட்டையால் மூக்கைப் பொத்தினார். பாலம் இறங்குவதற்குள் அது கத்தரிப்பூ நிறத்துக்கு வந்திருந்தது, மூக்கு நுனியும்தான். "இன்னா சார், மூக்கு நல்லாத்தானே கீது, ஏன் பொத்திக்கினு கீறே?" என்று தங்கபுஷ்பம் கேட்டாள். அவர் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிட்டார். மூக்கு பதினோரு நாளில் சரியாயிற்று. கைக்குட்டை கடைசிவரை ஊதாவாகவே இருந்தது.

காரணம் தங்கபுஷ்பத்தின் கொட்டகையில் இருந்த சிமெண்டுத் தொட்டி. மீனை உப்பில் ஊறப்போடுகிறவர்கள் தொட்டியை முழுசாகக் காலி செய்வதில்லை. அடியில் ஒரு சாண் பழைய தண்ணீரை விட்டு, அதன்மேல்தான் புதுசு ஊற்றுவார்கள். அதற்குத் தாய்த்தண்ணி என்று பெயர். தங்கபுஷ்பம் அதைக் காசிமேட்டிலிருந்து கல்யாணத்தன்று குடத்தில் சுமந்து வந்தவள். ஒரு வருஷம் மழையில் தண்ணீர் லாரி வராமல் போக, எண்ணூர் கழிமுகத்திலிருந்து நாலு குடம் மொண்டு வந்து ஊற்றினாள். அதில் சாம்பலும் எண்ணெயும் இன்னும் பெயர் தெரியாத பலதும் இருந்தன. எட்டாம் நாள் தொட்டி ஊதா, மீனும் ஊதா. எல்லாவற்றையும் கொட்டிவிட்டுத் தொட்டியைச் சுண்ணாம்பு போட்டுத் தேய்க்கச் சொன்னார்கள். புத்தியுள்ள எவரும் அதைத்தான் செய்திருப்பார்கள். அவள் மீனை மட்டும் குழிதோண்டிப் புதைத்தாள். "மீனு போனா மீனு. தாய்த்தண்ணிய ஊத்திட்டு நான் இன்னாத்த வெச்சிப் பொழைக்கிறது?" என்றாள்.

ஆட்டோவில் கைக்குட்டை மாறியதைப் பார்த்த முபாஷிர் கொட்டகைக்கு வந்து அந்தத் தண்ணீரில் ஒரு வெள்ளை லுங்கியை முக்கிப் பார்த்தான். வெயிலுக்கும் சோப்புக்கும் உப்புக்காற்றுக்கும் அது வெளுக்கவில்லை. அதன்பின் மூன்று வருஷம் கருவாடு நின்றது, சாயம் ஓடியது. ஊருக்குள்ளிருந்து பெயர்த்த குடிசைக்காரர்களைக் குடிவைத்த அடுக்குமாடி பிளாக்குகளிலிருந்து பதினோரு பெண்கள் வேலைக்குச் சேர்ந்தார்கள். ராயபுரத்துக் கல்யாணங்களில் எர்ணாவூர் ஊதா கட்டிய பெண்ணை இன்னொரு முறை திரும்பிப் பார்த்தார்கள். கைக்குட்டைகளும் மாறிக்கொண்டே இருந்தன. இளைப்புக்கு மாஸ்க் போட்ட பிள்ளைகளையும் தூசிக்குத் துண்டு கட்டிய லாரிக்காரர்களையும் நிறம் தொடவில்லை. அருவருப்பில் மூக்கைப் பொத்தியவர்களை மட்டும் அது தவறவிட்டதே இல்லை.

ஆராய்ச்சி நிலையம் ஒன்றிலிருந்து மோகனப்ரியா என்ற பெண் வந்து ஒரு பாட்டில் எடுத்துப்போனாள். அடுத்த வாரம் திரும்பி வந்து, நிறத்தைச் செய்வது கண்ணுக்குத் தெரியாத உயிர் என்றாள். மற்ற கிருமிகள் நெருங்காமலிருக்க அது ஊதாவைச் சுரக்கிறது, ஆளுக்குக் கெடுதலில்லை. ஆனால் ஒன்றிரண்டாக இருக்கும்போது சும்மா கிடக்கும். நாம் நிறையப் பேர் இருக்கிறோம் என்று அவற்றுக்குத் தெரிந்த பிறகுதான் எல்லாம் சேர்ந்து நிறத்தை விடும். நிறைய நீரில் கலக்கிவிட்டால், மறுபடி பெருகும்வரை வெறும் உப்புத்தண்ணீர்தான். தங்கபுஷ்பத்துக்கு இது உடனே பிடிபட்டது. "எங்க பிளாக்குத் தண்ணி லாரி மாதிரி. ஒருத்தி போன் பண்ணா வராது. அத்தினி பேரும் ரோட்ல குந்தினாத்தான் வரும்."

நாலாம் வருஷம் ஒரு தொழிற்சாலையைப் பார்வையிட வந்த பெரிய அதிகாரிகள் ஒன்பது பேர் மொத்தமாக மூக்கைப் பொத்தினார்கள். ஏழு நாளில் உத்தரவு வந்தது: தொட்டியில் பிளீச்சிங் பவுடர் கொட்டி நிறத்தைக் கொல்ல வேண்டும், கொட்டகைக்குச் சீல் வைக்க வேண்டும். அதைக் கொண்டுவந்த சுகாதார ஆய்வாளர் ஜெகதீசன் தண்டையார்பேட்டையில் பிறந்தவர். அவர் கைக்குட்டை எப்போதும் வெள்ளைதான். "நாளிக்கிப் பத்து மணிக்கு வரேன்க்கா. ஊதா கண்ல பட்டா கொட்டித்தான் ஆவணும்," என்று ஒரு நாள் முன்னதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

தாய்த்தண்ணி கேட்டு வந்தவளுக்கு இல்லை என்று சொல்லக்கூடாது என்பது மீன்காரர்களின் வழக்கம். அன்று காலையிலிருந்து பொழுது சாயும்வரை பெண்கள் கேட்டு வந்தார்கள். முந்நூற்று நாற்பது வீடு, வீட்டுக்கு ஒரு சொம்பு. கொண்டுபோய்க் குடம் நிறைய உப்புத்தண்ணீரில் விட்டதும் நிறம் காணாமல் போயிற்று. கடைசிச் சொம்பைத் தனக்கு எடுத்துக்கொண்டு தங்கபுஷ்பம் தொட்டியைப் பழந்துணியால் துடைத்தாள்.

மறுநாள் ஜெகதீசன் ஆறு ஆட்களோடு வந்து காய்ந்த தொட்டியைப் பார்த்தார். பிறகு வீடு வீடாக ஏறிக் குடம் குடமாகப் பார்த்தார். பதினான்காம் பிளாக்கில், சாயவேலை செய்யும் ரஹீமுன்னிசாவின் குடத்தை மட்டும் ஜன்னல் வெளிச்சத்தில் வெகுநேரம் சாய்த்துப் பார்த்தார்.

"இது இன்னாம்மா?"

"உப்புத்தண்ணி சார். தொண்டைக்கி நல்லது."

"முந்நூத்தி நாப்பது வூட்லயும் தொண்ட கட்டிக்கிச்சா?"

"கத்திக் கத்தித்தானே சார் எங்களுக்கு எல்லாம் கெடைக்குது."

அவர் குடத்தை இறக்கி வைத்தார். ஊதா நிறம் எங்கும் காணப்படவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார், கொட்டகைக்குச் சீல் வைத்தார், கிளம்பினார்.

ஜீப் ரயில்வே கேட்டைத் தாண்டியதும் பெண்கள் குடங்களோடு பதினான்காம் பிளாக் மொட்டைமாடிக்கு ஏறினார்கள். அங்கே கட்டிய நாளிலிருந்து தண்ணீர் ஏறாத தொட்டி ஒன்று இருந்தது. வரிசை பிசகாமல் ஊற்றினார்கள். இருநூறாவது குடம்வரை அது வெறும் தண்ணீர். இருநூற்றுத் தொண்ணூற்றொன்றாவது குடத்தில் நிறம் வந்தது, மேலிருந்து அடிவரை ஒரே நேரத்தில். பார்த்தவர்கள் அடுத்தவள் ஊற்றுவதற்கு இடம்விட்டு நகர்ந்துகொண்டார்கள். எல்லாரையும் முன்னே விட்டுத் தங்கபுஷ்பம் தன் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு கடைசியாகப் படியேறி வந்தாள். ரஹீமுன்னிசா அவளை உள்ளே விட்டு, மாடிக்கதவைச் சாத்திப் பூட்டினாள்.