கிருமிகளின் விரதம்

"உலகத்திலேயே கிருமிகளுக்கு விரதம் கற்றுக்கொடுத்த முதல் மனிதன் நான்தான்" என்று மலேசியாவின் பத்து காவான் ஊரிலுள்ள தொழிற்சாலையின் கழிவுநீர் இன்ஜினியர் கோகிலன் அறிவித்தார். தொட்டியில் கிருமிகள் கழிவைத் தின்று பெருகுவதால்தான் சேறு குவிகிறதாம். பட்டினி போட்டால் குறையுமாம்.

தொட்டியைப் பார்த்துக்கொள்ளும் துளசி தினமும் அதை எட்டிப் பார்த்து, "சாப்பிட்டாச்சா?" என்று கேட்பாள்.

"ரொட்டி சானாய் வாங்கிட்டு வரவா துளசி, உன் பிள்ளைங்களுக்கு?" என்று கோகிலன் சிரித்தார்.

"ரொம்பப் பட்டினி போட்டா செத்துரும்லா, பாஸ்."

சேறு குறைந்தது. பிறகு கிருமிகளும் குறைந்து, தண்ணீர் கலங்கி நாறியது. மறுநாள் சோதனைக்கு அதிகாரிகள் வருகிறார்கள். தண்ணீர் தெளியாவிட்டால் கோகிலனுக்கு வேலை இல்லை.

துளசி சாப்பிடப் போனதும் கோகிலன் டின்பாலைத் திறந்து தொட்டியில் ஊற்றினார். யாரும் இல்லையென்று பார்த்துக்கொண்டு, குனிந்து கேட்டார்:

"சாப்பிட்டாச்சா?"