அமுக்கராவும் ஆக்சிலேட்டரும்

சங்ககிரியில் லாரி புக்கிங் ஆபீஸ் நடத்துகிற மஞ்சுளாவுக்குக் கொஞ்ச காலமாக ஃபோன் அடித்தாலே நெஞ்சு படபடத்தது. எந்த வண்டி எங்கே நிற்கிறது, எந்தப் பார்ட்டி கத்துகிறான் என்று காலையில் தொடங்கும் ஓட்டம், படுத்த பிறகும் தலைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. ஒருநாள், லோடு ஏற்றக் கொஞ்சம் தாமதமாகும் என்று டிரைவர் குழந்தைவேல் சொன்னதற்கு, மேசையில் இருந்த தண்ணீர் பாட்டிலைத் தூக்கிச் சுவரில் அடித்துவிட்டாள்.

அவன் கோபித்துக்கொள்ளவில்லை. “அக்கா, உங்களுக்கு ஒடம்பு செரியில்லீங்க. டாக்டர்கிட்டப் போயிப் பாருங்க” என்றான். திருப்பித் திட்டியிருந்தால்கூட அவளுக்கு அவ்வளவு உறைத்திருக்காது.

அன்றைக்கே ஃபோனில் விளம்பரம் பார்த்து அஸ்வகந்தா மாத்திரை வரவழைத்தாள். மனப் பதற்றம் தீரும் என்று போட்டிருந்தது. நாலைந்து நாளில் தீரவில்லை என்றதும் இரண்டிரண்டாகப் போட்டாள். வயிறு கடமுடா என்று புரட்டியதுதான் மிச்சம். வேறு வழியில்லாமல் அரசு ஆஸ்பத்திரியின் சித்த மருத்துவப் பிரிவுக்குப் போனாள்.

அங்கே இருந்த டாக்டர் யாழினிக்கு அவளைவிடப் பத்து வயதாவது குறைவு. “எதுக்குங்க ரெட்டிப்பாப் போட்டீங்க?”

“சீக்கிரம் கேக்கட்டும்னுதானுங்க.”

“ஆக்சிலேட்டர அமுக்குனா வேகமாப் போறதுக்கு இது என்ன லாரிங்களா?”

மஞ்சுளாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரித்து வெகுநாளாகியிருந்தது. தைராய்டு இருக்கிறதா, பிரஷருக்கோ சர்க்கரைக்கோ மாத்திரை உண்டா, எப்போது தூங்குகிறாள் என்று டாக்டர் ஒவ்வொன்றாகக் கேட்டார். இரத்தமும் சோதிக்கச் சொன்னார். எல்லாம் சரியாக இருந்த பிறகுதான் ஒரு பொடியை எழுதிக் கொடுத்தார்.

“நீங்க வாங்குன அஸ்வகந்தாதானுங்க நம்ம அமுக்கரா. நல்ல வேருதான். ஆனா எல்லாருக்கும் ஒத்துக்காது, அளவும் ஆளுக்கு ஆளு மாறும். மாத்திரைய நிறுத்தீட்டு, இந்த அமுக்கராப் பொடிய மட்டும் சொன்ன அளவுக்குப் பால்ல கலந்து குடிங்க. கொஞ்சம் தாங்கிப் புடிக்கும். ஃபோன் அடிக்கறத அது நிறுத்தாதுங்க. அத நீங்கதான் பாக்கோணும்.”

வீட்டுக்குப் போனதும் கணவன் ஜெயபிரகாஷிடம் சொன்னாள்: “ராத்திரி சோறு உண்டதுக்கப்புறம் ஆபீஸ் ஃபோன் உங்க கையில.”

“எனக்கென்ன தெரியும் மஞ்சு?”

“வண்டி எங்க நிக்குதுன்னு கேக்கத் தெரியுமில்ல? அது போதுங்க.”

முணுமுணுத்துக்கொண்டே வாங்கிக்கொண்டான். பொடி கசந்தது, குதிரை லாயத்து வாடை வேறு. மூக்கைப் பிடித்துக் குடித்தாள். முதலில் ஒன்றும் தெரியவில்லை. மெல்ல மெல்லத் தூக்கம் பிடிபட்டது. வேலை செய்தது பொடியா, கைமாறிய ஃபோனா என்று அவள் ஆராயப் போகவில்லை.

அப்படியிருக்க, ஒரு மத்தியான வேளையில் குழந்தைவேல் கூப்பிட்டான்.

“அக்கா, வாளையார் செக்போஸ்ட் தாண்டி ஆக்சில் ஒடஞ்சு போச்சுங்க. முட்டை லோடுங்கக்கா. வண்டி நவுராது.”

மஞ்சுளாவின் நெஞ்சு அடித்துக்கொண்டது. அடித்தால் அடிக்கட்டும் என்று விட்டுவிட்டு, “உனக்கு அடி கிடி பட்டுச்சா?” என்று கேட்டாள்.

“இல்லீங்க.”

“அப்பறம் எதுக்கு வெசனப்படற? வண்டி ஓரமா நிக்குதா? நெழல்ல உக்காந்து தண்ணி குடி சாமி. நான் பாத்துக்கறேன்.”

பாலக்காட்டில் சரக்கு இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பிக்கொண்டிருந்த இன்னொரு வண்டியை அங்கே திருப்பிவிட்டாள். முட்டைக்குக் காத்திருந்த வியாபாரி கூப்பிடும் முன்பு தானே கூப்பிட்டாள். “வண்டி மாத்தறோமுங்க. பொழுது சாய முட்டை வந்துரும்.” சொன்னபடியே போய்ச் சேர்ந்தது. சில அட்டைகள் மட்டும் நசுங்கியிருந்தன.

வண்டியைச் சரிசெய்து ஊர் திரும்பிய குழந்தைவேல் ஆபீஸ் வாசலில் தயங்கி நின்றான். “நீங்க திட்டாதது எனக்குப் பயமாப் போச்சுங்கக்கா.”

“தப்புப் பண்ணுனா கட்டாயம் திட்டுவேன். ஆக்சில் ஒடஞ்சதுக்கு உன்னத் திட்டி என்ன ஆகப்போவுது? போயி உண்டுட்டு வா.”

அடுத்த முறை பார்த்தபோது, பொடியை இனி நிறுத்திவிடலாம் என்றார் டாக்டர். வெளியே வந்ததும், கூட வந்திருந்த ஜெயபிரகாஷுக்குத்தான் கவலை. “மறுக்காப் படபடப்பு வந்தா?”

“வந்தா மறுக்கா வந்து பாத்துக்கலாமுங்க. இப்ப எனக்குப் பசிக்குது, வண்டிய எடுங்க.”