ஹாலிங்வுட் வீட்டு வாசல்

பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே ஆபீசில் கட்டடங்களுக்குப் பிளான் வரைந்துகொண்டிருந்த கபிரியேல், தன் உத்தியோகத்தில் ஒரே ஒரு பொய்க்கோடுதான் போட்டிருந்தார். அதுவும் அவசரத்தில் போட்டது.

1926-இல், கிள்ளானில் ரப்பர் கம்பெனி ஒன்றின் பெரிய துரையாக இருந்த ஹாலிங்வுட் என்ற அமெரிக்கர், தம் பரம்பரை வீட்டைப் போலவே இங்கும் ஒரு வீடு கட்ட ஆசைப்பட்டார். இங்கிலாந்து ராஜா அமெரிக்காவை ஆண்ட காலத்தில் அவருடைய முன்னோர் ஒரு நீதிபதியாம். மாசசூசெட்ஸில் அவர் கட்டிய வீடு இருநூறு வருஷத்துக்கு மேல் பழசாம். துரைசானி அதைச் சொல்லும்போதெல்லாம் கோயிலுக்குள் பேசுவதுபோல் குரலைத் தாழ்த்திக்கொள்வாள். கையில் இருந்தது ஒரே ஒரு போட்டோ. அதைப் பார்த்துப் பிளான் வரையும் வேலை, ரயில்வே மேலதிகாரி மூலமாகக் கபிரியேலுக்கு வந்தது.

குளிர்காய நான்கு அடுப்புகளை அவர் மறுபேச்சில்லாமல் வரைந்தார். கிள்ளான் வெயிலில் அவை எதற்கு என்று கேட்பது அவர் வேலையில்லை. வாசற்கதவுக்கு மேலேதான் மாட்டிக்கொண்டார். அங்கே போட்டோவில் ஈரக்கறை. துரையைக் கேட்டால், ஏதோ செதுக்கியிருக்கும், ஆறு வயதில் பார்த்தது என்றார். துரைசானியும் ஒரே ஒரு முறை, பனி மூடிக் கிடந்தபோது, அந்த வீட்டைப் பார்த்தவள்தான்.

மறுநாள் பிளானைக் கொடுத்தாக வேண்டும். எதிரே மனைவி உர்சுலா, மாதாகோயில் பூசைக்குக் கட்டிப்போன பட்டுச்சேலையை மடித்துக்கொண்டிருந்தாள். அதன் கரையில் நெய்திருந்த மாங்காய்களில் இரண்டை எதிரெதிராக வைத்து வரைந்துவிட்டார். துரைசானி பார்த்ததும் கண் கலங்கி, அதேதான் என்றாள். வீடும் அப்படியே எழும்பியது.

ஐந்து வருஷம் கழித்து அமெரிக்காவிலிருந்த வீடு தீப்பிடித்து எரிந்துபோனது. அதைத் திரும்பக் கட்டிக் காட்சிசாலையாக்க நினைத்த அந்த ஊர்ச்சங்கத்தார், கிள்ளான் வீட்டைப் படமெடுத்து அனுப்பச் சொன்னார்கள். பிறகு ஒரு சிறு புத்தகம் வந்தது. துரைசானி கபிரியேலை வரவழைத்துப் பெருமையோடு படித்துக்காட்டினாள். கதவுக்கு மேலிருப்பவை இரண்டு கண்ணீர்த்துளிகளாம். கடலில் பறிகொடுத்த இரு பிள்ளைகளுக்காக நீதிபதி தம் கையாலேயே செதுக்கியவையாம்.

கபிரியேல் வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார்.

"மாங்காய்தான்னு எழுதிப் போட்டுருங்க," என்றாள் உர்சுலா. "இல்லாத பிள்ளைங்களைச் சாகடிச்சா பாவம் லா."

"வேலைக்கு ஆபத்து வந்தா?"

"வரட்டும். சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனத்துல என்ன சொல்வீங்க?"

அவர் ஊர்ச்சங்கத்துக்கு எழுதினார். சாட்சியாகச் சேலைக்கரையையும் மெல்லிய தாளில் படியெடுத்துக் கடிதத்தோடு வைத்தார். நான்கு மாதம், வேலை போய்விடும் என்று பயந்தபடியே காத்திருந்தார்.

பதில் மிகவும் மரியாதையாக வந்தது. நிபுணர்கள் ஆராய்ந்துவிட்டார்களாம். அந்தக் காலத்து அமெரிக்கக் கப்பல்கள் இந்தியாவுக்குப் போனதுண்டு. ஆகவே ஹாலிங்வுட் வாசலைப் பார்த்துத்தான் தமிழ் நெசவாளர்கள் இந்தக் கரையைக் கற்றிருக்க வேண்டும். இவ்வளவு அரிய சான்றைக் கொடுத்த கபிரியேலுக்கு நன்றி. அந்தச் சேலையைக் காட்சிசாலைக்கு அன்பளிப்பாகத் தர முடியுமா?

"அது எங்கம்மா கும்பகோணத்துல எடுத்தது," என்றாள் உர்சுலா. "தர மாட்டேன்னு எழுதுங்க."

அதை மட்டும் எழுதினார். வேறு எதையும் மறுக்க அவருக்குத் தெம்பில்லை.

அடுத்த வாரம் சாலாக் செலாத்தான் ஸ்டேஷனில் ஒரு சரக்குக் கொட்டகைக்குப் பிளான் கேட்டார்கள். பழைய வரைபடத்தில் ஒரு மூலை அழிந்திருந்தது. கபிரியேல் அந்த மூலையை வெறுமையாகவே விட்டுக் கொடுத்தார். வேலையில் அக்கறை குறைந்துவிட்டது என்று மேலதிகாரி குறிப்பெழுதித் திருப்பி அனுப்பினார்.